கிழக்கு வாசல் வைத்த தெப்பம்

ஆறு மாதம் மணலும் ஆறு மாதம் தண்ணீருமாக இருக்கிற ஆற்றில் மிதக்கும் ஓவியக்கூடம் வேண்டும் என்று கேட்டவர்களை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. பிறகு ஏன் அந்த வேலையை எடுத்தாய் என்று கேட்பீர்கள். பிடித்தவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்வேன் என்று உட்கார்ந்திருந்தால் இந்த இருபது வருடத்தில் நான் ஒரு டிரம்மைக்கூடத் தண்ணீரில் இறக்கியிருக்க மாட்டேன்.

என் தொழில் தெப்பம் கட்டுவது. இடுக்கிப் பக்கத்து அணைகளில் சுற்றுலாப் படகு ஏறப் போயிருந்தால் காலடியில் ஆடுகிற ஒரு பலகைத் தளத்தில் நடந்திருப்பீர்கள். அவற்றில் சில நான் கட்டியவை. கீழே காற்றடைத்த பிளாஸ்டிக் டிரம்கள், நடுவில் இரும்புச் சட்டம், மேலே பலகை. இவ்வளவுதானா என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். தூரத்தில் யானை தெரிகிறது என்று முப்பது பேர் ஒரே பக்கம் ஓடினாலும் அது கவிழாமல் நிற்க வேண்டும். ஜனங்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் இந்த வேலையில் பாதி. எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கத்துக் கொல்லங்கோடு. அப்பா விட்டுப்போன பூமியில் என் பங்கை விற்றுவிட்டு மலைக்குப் போனவன். இப்போது வீடு குமுளியில்.

கேட்டவர்கள் பாலக்காட்டில் ஒரு கலைக் கமிட்டி. பதினோரு பேர். தூரிகையைக் கையில் பிடித்தவர் அதில் ஒருவர்கூட இல்லை. தலைவர் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோது அங்கே ஒரு ஆற்றில் ஓவியங்கள் வைத்த படகைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து மனிதருக்கு வேறு பேச்சே இல்லை. அங்கே ஆற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் என்பதும் இங்கே தை மாதத்துக்குப் பிறகு நடு ஆற்றில் எருமை மேயும் என்பதும் அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு ஆசை சொன்னார்கள். தலைவருக்கு அது கேரளத்துப் படகுவீடான கெட்டுவள்ளம் மாதிரி ஓலைக்கூரையோடு இருக்க வேண்டும். இன்னொருவருக்குத் தரை கண்ணாடியாக இருக்க வேண்டும், காலுக்குக் கீழே மீன் நீந்த வேண்டும். அந்த ஆற்றில் காலுக்குக் கீழே என்ன நீந்தும் என்று எனக்குத் தெரியும். வாழையிலை, சாம்பிராணிக் கவர், யாரோ கழற்றிப்போட்ட ஹவாய் செருப்பு. சொல்லவில்லை. மூன்றாமவர் எதுவும் கேட்கவில்லை, பக்கவடையைத் தின்றுவிட்டுத் திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் மட்டும் குறியாக இருந்தார். பதினோரு பேரில் அவர் ஒருவருக்குத்தான் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது.

நான் தண்ணீரைப் பற்றிப் பேசினேன். ஊருக்குக் கீழே ஒரு தடுப்பணை இருக்கிறது. கல் தூண்களுக்கு நடுவே பலகைகளைச் செருகித் தண்ணீரை நிறுத்துகிற பழைய அணை. அதன் புண்ணியத்தில்தான் தெப்பம் நிற்கப்போகிற படித்துறை அருகே ஒன்றரை ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தப் பலகைகள் அசையாமல் இருக்கிறவரை தெப்பம் நிற்கும் என்றேன். பலகையை யார் அசைக்கப் போகிறார்கள் என்று செயலாளர் கேட்டார்.

யார் அசைப்பார்கள் என்று கிழக்குப் பாலக்காட்டில் பிறந்த எவனுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அணைக்குக் கீழே இருக்கிற வயல்காரர்களுக்கு முறை உண்டு. எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் பலகையைத் தூக்குவார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு வீட்டுக்கு முறை. முறைக்காரர் விடியற்காலையில் போய் மேல்வரிசைப் பலகைகளைத் தூக்குவார், தண்ணீர் கீழே வாய்க்காலுக்குப் போகும், மத்தியானத்துக்குள் திரும்பச் செருகிவிடுவார். யாரிடமும் அனுமதி கேட்கிற வழக்கம் கிடையாது, எழுதி வைக்கிற வழக்கமும் கிடையாது. ஆனால் ஒன்று உண்டு. படித்துறையில் யாருக்காவது கருமாதி இருக்கிறது, அல்லது கல்யாணத்துக்கு ஆற்றில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றால் முதல் நாளே முறைக்காரர் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்வார்கள். முறைக்காரர் ஒரு நாள் தள்ளிப்போடுவார். முடியாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நேரில் போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைக் கமிட்டியிடம் சுருக்கமாகச் சொன்னேன். செயலாளர் சிரித்தார். நாங்கள் நீர்ப்பாசன ஆபீசில் எழுதி வாங்கிவிடுவோம் என்றார். பதினைந்து நாளில் வாங்கியும்விட்டார். திறப்பு விழா வாரம் முழுவதும் பலகைகளைத் தூக்கக் கூடாது என்று ஒரு கடிதம், கீழே முத்திரை, அதற்கும் கீழே பச்சை மையில் கையெழுத்து. என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. இருபது வருடம் அணைகளில் வேலை செய்தவனுக்குத் தண்ணீர் என்றால் அது ஆபீசில் இருந்து வருகிற சமாசாரம் என்று ஆகிவிட்டிருந்தது. மதகைத் திறக்கப் போகிறோம் என்று ஒரு தாள் வரும், நாங்கள் கயிற்றை விட்டுக் கொடுப்போம். வயல்காரன் மகன் தாளை நம்பினான். இதை எழுதும்போது எனக்கே என் மேல் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

வரைபடம் போட்டது நான்தான் என்பதால் அதைப் பற்றியும் சொல்கிறேன். நாற்பதடி நீளம், பதினெட்டடி அகலம். கண்ணாடித் தரையும் ஓலைக்கூரையும் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்லித் தவிர்த்தேன். நீளவாக்கில் இரண்டு சுவர். கரைப்பக்கச் சுவரில் ஆறு படம், ஆற்றுப்பக்கச் சுவரில் ஆறு படம். ஆற்றுப்பக்கம்தான் நல்ல வெளிச்சம், தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் கூரையின் அடியில் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்துக்காகச் சுவரின் உயரத்தை மூன்று தடவை மாற்றி வரைந்தேன். இந்தத் தொழிலில் நான் ஆசைப்பட்டுச் செய்த வேலை இது ஒன்றுதான். அதைக் கமிட்டியில் யாருக்கும் தெரிய விடவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு வாஸ்துக்காரர் வந்தார். தலைவரின் மண்டபத்துக்கு வாசல் வைத்துக் கொடுத்தவராம். மிதக்கிற பொருளுக்கு வாஸ்து பார்க்க ஒருவரைக் கூட்டி வருவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்றார். பார்க்கும், ஆனால் காற்றடித்தால் தென்கிழக்கையும் கொஞ்சம் பார்க்கும் என்றேன். அது கூடாது, ஒரு விரற்கடை திரும்பினாலும் தோஷம் என்றார். பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அணையில் கட்டுகிற தெப்பத்துக்குக் கயிறு எப்போதும் தளர்ச்சியாக இருக்கும். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் கூடவே போய் வர வேண்டும். இதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம். அந்தப் பாடத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, கரைப்பக்கத்தை இரும்புக் கயிற்றால் படித்துறைக் கல்தூண்களோடு இறுக்கிக் கட்டினேன். தண்ணீர் மட்டம் மாறாது என்றுதான் கடிதம் இருக்கிறதே. விழா முடிந்ததும் கயிற்றைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வாஸ்துக்காரர் ஒரு திசைகாட்டியைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக நான் என் தொழிலை விட்டுக் கொடுத்தேன்.

முதல் கண்காட்சிக்குப் படம் வரைந்தவர் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் பாக்டரியில் தேயிலை சலிக்கும் இடத்தில் வேலை செய்கிற ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். கமிட்டிக்காரர் ஒருவர் மலைக்குச் சுற்றுலா போனபோது, எஸ்டேட்டில் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்கொட்டகையின் சுவரில் அவர் வரைந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். தொழிலாளி வரைந்த படம் என்றால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்று கணக்கு. படங்களை மலையிலிருந்து இறக்கிவருகிற வேலையும் என் பிக்கப் வண்டியின் தலையில் விழுந்தது.

நானும் பெரிதாக எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, இப்படி ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில், தன் வீட்டில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே போர்வை சுற்றிச் சாத்தி வைத்திருந்தார். பன்னிரண்டு பிளைவுட் பலகைகள். ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். எல்லாம் சலிக்கிற அறைப் பெண்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு நிற்கிறவர்கள், சல்லடை மேல் குனிந்தவர்கள், சங்கு ஊதியதும் வாசலைப் பார்த்துத் திரும்புகிறவர்கள். முகத்தில் கண் மட்டும்தான் தெரியும். மற்றதை எல்லாம் கைகளை வைத்தே சொல்லியிருந்தார். ஒருத்தி கோபமாக இருக்கிறாள், ஒருத்திக்கு இடுப்பு வலிக்கிறது, ஒருத்தி வீட்டில் விட்டுவந்த பிள்ளையை நினைக்கிறாள் என்று அந்தக் கைகளைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு பலகையைக் கையில் வாங்கினேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். பிளைவுட் நல்ல கனம் என்று சொன்னேன்.

ஏழு வருடத்து வேலை அது. ஷிப்டு முடிந்து வந்து, கடைத்தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிற கலர் டப்பாவை வாங்கி வரைந்திருக்கிறார்.

"தண்ணி மேல வைக்கப் போறீகளாம்ல அண்ணே. இது தண்ணி பட்டா போயிரும். வார்னிஷ் அடிச்சா கறுத்துப் போகுது, அதான் அடிக்கல."

"தண்ணி படாது."

"இல்ல, வேணாம்னா இப்பவே சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். இம்புட்டு வருசமும் கட்டிலுக்குப் பின்னாடிதான் கெடந்துச்சு. நாலு பேரு நின்னு பாத்தா நல்லாருக்குமேன்னு ஒரு ஆச, அம்புட்டுத்தான்."

"தெப்பம் நான் கட்டுனது. என் பொறுப்பு," என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பலகைகளைத் தானே தூக்கி வண்டியில் அடுக்கினார், நடுநடுவே போர்வையைத் திணித்தார். மூணாறிலிருந்து இறங்குகிற வளைவுகளில் எல்லாம் முன் சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. என் வார்த்தையை நம்பவில்லையோ என்று எரிச்சல்.

புதன்கிழமை திறப்பு விழா. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர் தடுப்பணைக்குக் கீழே. மாமாவுக்கு அங்கே நெல்வயல். இந்த மாமாவைப் பற்றி நான் இதுவரை சொல்லாததற்குக் காரணம் அவரைப் பற்றிப் பேசப் பிடிக்காததுதான். நான் பூமியை விற்ற வருடம், ஒரு காதுகுத்து வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, "நம்ம மாப்ள பூமிய வித்து டிரம்மு வாங்கிட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். இருபது பேர் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. எப்போது போனாலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டேன். சேறு காயாத காலோடு உலகத்துக்கே யோசனை சொல்கிற ஆள் என்று மனதுக்குள் அவரை ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தேன்.

சோறு போட்டுக்கொண்டே அக்கா கேட்டாள், "உன்ற படகு எங்கடா நிக்குது, படித்தொறைலயா?"

"ம்."

"படங் காட்டற படகுங்களாம்," என்று மாமாவிடம் சொன்னாள்.

மாமா ரசத்தைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டினார். அவருக்கு அது சினிமா காட்டுகிற படகு என்றுதான் பட்டிருக்கும். பிறகு அக்காவிடம், "செவ்வாக்கெழம வெடியால நம்ம மொறை. கதிரு வாங்கற நேரம், இந்தத் தண்ணி பாயலீனா பதருதான். மம்மட்டிக்குப் புடி போடச் சொல்லியிருந்தனே, போட்டாச்சா?" என்றார்.

நான் கேட்டேன். நன்றாகக் கேட்டது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை பலகையைத் தூக்கப் போகிறார். எனக்கு எதிரில், இரண்டடி தூரத்தில், வாயில் சோற்றோடு உட்கார்ந்திருக்கிறார். மாமா, இந்த ஒரு தடவை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள் என்று சொன்னால் முடிந்தது. கருமாதிக்காரர்கள் எல்லாம் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னால் அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார், டிரம்முக்காரனுக்கு என் தயவு வேண்டியிருக்கிறதா என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார் என்று தோன்றியது. அவர் அப்படிச் சிரித்திருப்பாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

அதைவிடக் கேவலமான ஒன்றும் இருக்கிறது. கடிதம் இருப்பதால் தடுப்பணையில் காவல் போட்டிருப்பார்கள், அல்லது சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பார்கள் என்று நான் நினைத்தேன். மாமா மண்வெட்டியோடு போய், பூட்டைப் பார்த்து, திரும்பி வருவார். அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் மோர் வாங்கிச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

திங்கட்கிழமை படங்களை மாட்டினோம். வரைந்தவர் ஒவ்வொரு படத்தையும் தள்ளி நின்று பார்த்தார், கிட்டே போய்ப் பார்த்தார், ஒரு விரல் மேலே ஏற்றச் சொன்னார், மறுபடி இறக்கச் சொன்னார். சங்கு ஊதியதும் பெண்கள் திரும்புகிற படம்தான் அதில் பெரியது, அது மட்டும் இரண்டு வருடம் பிடித்ததாம். அதையும் வேறு ஐந்தையும் ஆற்றுப்பக்கச் சுவரில், நான் மூன்று தடவை மாற்றி வரைந்த அந்த வெளிச்சத்தில் வைத்தோம். சாயங்கால வெயில் தண்ணீரில் பட்டு அந்தக் கைகளின் மேல் அசைந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "இது என்னோடதுதானான்னு இருக்குண்ணே," என்றார். கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் வந்து படங்களுக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, தெப்பத்துக்குப் போட்டிருந்த காவல்காரர் போன் செய்தார். தெப்பம் சாய்கிறது, சீக்கிரம் வாங்க என்றார். மூழ்குகிறதா என்று கேட்டேன். தெரியவில்லை, தண்ணீர்தான் குறைகிறது என்றார். அப்போதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

போய்ப் பார்த்தபோது தண்ணீர் இரண்டரையடி இறங்கியிருந்தது. தெப்பத்தின் கரைப்பக்கத்தைக் கயிறு காதைப் பிடித்துத் தூக்கின மாதிரி மேலேயே பிடித்து வைத்திருந்தது. ஆற்றுப்பக்கம் தண்ணீரோடு இறங்கி, பாரமெல்லாம் அந்தப் பக்கம் சேர்ந்து, தளம் அமிழ்ந்து, சுவரின் பாதிவரை தண்ணீர் நின்றது. கயிறு தளர்ச்சியாக இருந்திருந்தால் தெப்பம் நேராக இறங்கியிருக்கும், ஒரு பலகை நனைந்திருக்காது. வாசல் மட்டும் ஒரு விரற்கடை திரும்பாமல் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது.

படம் வரைந்தவரைக் கமிட்டி லாட்ஜில் தங்க வைத்திருந்தது; அவருக்கு யார் சொன்னார்களோ, எனக்கு முன்னால் வந்து உள்ளே இறங்கியிருந்தார். சாய்ந்த தளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். நானும் இறங்கினேன். அவர் கழற்றிக் கொடுத்தார், நான் வாங்கிக் காவல்காரரிடம் கொடுத்தேன். கரைப்பக்கத்து ஆறு படங்களும் நனையாமல் இருந்தன. ஆற்றுப்பக்கத்து ஆறு படங்களில் பாதிக்குக் கீழே வெறும் பிளைவுட்தான். கண்கள் அப்படியே இருந்தன. கைகள்தான் இல்லை. கைகள் இருந்த இடத்தில் பழுப்புக் கலர் வழிந்து விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் கையைப் பார்த்தார், அதிலும் அந்தக் கலர் ஒட்டியிருந்தது, அதைப் புடவையில் துடைக்காமல் அப்படியே விரித்துப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

எட்டு மணிக்குக் கமிட்டி வந்தது. செயலாளர் தன் பையிலிருந்து கடிதத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அசல் கடிதம். தடுப்பணைக்கு அது போகவே இல்லை. யாரும் கொண்டுபோய்க் காட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. எழுதி வாங்கியதோடு வேலை முடிந்தது என்று பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்திருக்கிறார். தலைவர் திறப்பு விழா விருந்தாளிக்கு என்ன சொல்வது என்று கவலைப்பட்டார். வாஸ்துக்காரர் போனை எடுக்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒருவர்கூடப் போய் ஒன்றும் கேட்கவில்லை. இவர்களைப் பற்றி இன்னும் பத்துப் பக்கம் எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அன்றைக்கு நானும் அவர் பக்கத்தில் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால்வரை சேறு, கரையோடு வேகமாக நடந்து வந்தார். தெப்பத்தைப் பார்த்தார், படியில் சாத்தி வைத்திருந்த படங்களைப் பார்த்தார். எனக்கு இருபது பேர் சிரித்தது ஞாபகம் வந்தது. சிரிக்கட்டும் என்று நின்றேன்.

"ஏம்மாப்ள," என்றார். "ஞாயித்துக்கெழம நம்மூட்லதானே உக்காந்து சோறுண்ட. ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா ரெண்டு நாளு தள்ளிப் போட்டிருக்க மாட்டனா. சாவுக்குச் சொல்றாங்க, சடங்குக்குச் சொல்றாங்க. நீ நம்ம ஆளு, உனக்கு இல்லாத மொறையா."

பிறகு படியில் உட்கார்ந்திருந்தவரிடம் போனார். "தெரியாமப் பண்ணிப் போட்டனுங்க அம்மிணி. நாந்தானுங்க பலகையத் தூக்குனது," என்று கையைக் கூப்பினார். என் மாமா யாரையும் கைகூப்பி நான் பார்த்ததில்லை.

அவர் எழுந்து நின்றார். மாமாவைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"இவுகதான் தொறக்கப் போறாகன்னு?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

பதில் என்னிடம் இருந்தது. ஒரு காதுகுத்து வீடு, ஒரு பந்தி, ஒரு டிரம்மு. அவருடைய ஏழு வருடத்துக்கு முன்னால் அதை எடுத்து வைக்க முடியவில்லை. அவர் நான் பேசுவேன் என்று காத்திருந்தார். பிறகு அவர் முகத்தில், இவ்வளவுதானா இந்த ஆள் என்கிற ஒரு பார்வை வந்தது. நான் பதினோரு பேரை எத்தனையோ நாள் அப்படிப் பார்த்திருக்கிறேன், அதனால் அது என்ன என்று உடனே தெரிந்தது.

மாமாவுக்கு மட்டும் பதில் சொன்னார். "நீங்க என்னய்யா செய்வீக. பயிரு காயுதுன்னா தண்ணி பாச்சத்தானே செய்வாக."

மலைக்கு வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னார். நனையாத ஆறு படங்களையும் மாமாதான் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டுவரை தோளில் சுமந்து போனார். நனைந்த ஆறு படங்களைக் காட்டி, இவை என்று இழுத்தேன்.

"அத நீங்களே வச்சுக்கங்க," என்றார் அவர்.

தெப்பத்தைப் பிரித்து டிரம்களை மலைக்கு ஏற்றிவிட்டேன். வயல்காரர்களின் ஒழுங்கீனத்தால் கண்காட்சி நடக்கவில்லை என்று கமிட்டி அறிக்கை விட்டது. மாமா அதைப் படித்தாரா என்று தெரியாது, அக்காவிடம்கூட அவர் இதைப் பற்றிப் பேசவில்லையாம். அந்தப் போகம் நெல் நன்றாக விளைந்தது. படம் வரைந்தவர் மறுபடி வரைகிறாரா என்று எனக்குத் தெரியாது. அந்த எஸ்டேட் வழியாக மாதத்துக்கு இரண்டு தடவையாவது வண்டியில் போகிறேன், நிறுத்துவதில்லை.

அந்த ஆறு படங்களையும் குமுளி வீட்டில் என் அறையில் சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் திரும்பி நின்று பார்க்கிறார்கள், யார் வரைந்தது என்று கேட்கிறார்கள். சிலர் அவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், காப்பி ஆறிவிடுகிறது. சுவரில் மாட்ட ஆணிகூட வாங்கி வைத்துவிட்டேன். மாட்டலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் கேட்கவில்லை.